பெற்றோர் தனித்தனியாக இருக்கையில் பிள்ளைகளை ஏற்காடு ஹாஸ்டலில் விடலாமா? அப்பா பார்க்கும் ஏற்பாட்டை எப்படி எழுதுவது?

தாய்மாமன்_ஏற்காடு:

வணக்கம்ங்க. அக்கா இரண்டு பிள்ளைகளோடு ஏற்காட்டில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மாமா சேலத்தில், சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அடிதடி, குடி எதுவும் கிடையாது. பணமும், கூட்டுக்குடும்பத்தில் ஆளாளுக்குச் சொல்லும் பேச்சும்தான் தகராறு. விவாகரத்து வரைக்கும் போவதா என்று இருவருமே இன்னும் முடிவு செய்யவில்லை. பையனுக்கு 11 வயது, பாப்பாவுக்கு 6.

இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியதில் வந்த யோசனை: "பிரச்சினை தீரும்வரை இரண்டு பேரையும் இங்கேயே ஏதாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம், சண்டை அவர்கள் காதில் விழாது." இது சரியா? அடுத்தது, 100 ரூபாய்ப் பத்திரத்தில் பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதி வாங்கினால் செல்லுமா? மாமா வாரக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கிறார், அதை எப்படி வகுத்துக்கொள்வது? பாப்பா மறுபடியும் ராத்திரி படுக்கையை நனைக்கிறாள். இரண்டு பேரிடமும் இதுவரை "அப்பாவுக்கு வேலை அதிகம்" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

மனநலம்_குழந்தைகள்:

ஹாஸ்டல் வேண்டாம். பாப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். சேலத்து வீடு, அப்பா, பழைய பள்ளி மூன்றையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டு வந்திருக்கும் பிள்ளை அது. இப்போது அம்மாவையும் விட்டுப் போகச் சொன்னால், "நான் தொந்தரவு பண்ணினேன், அதான் அனுப்புறாங்க" என்றுதான் அந்த வயது கணக்குப் போடும். ஆறு ஏழு வயதில் வீட்டில் எது நடந்தாலும் தன்னையே காரணமாக வைத்துப் பார்ப்பார்கள்.

ஏற்காட்டில் நூறு வருடம் தாண்டிய உறைவிடப் பள்ளிகள் உண்டு. படிப்புக்கென்று, பிள்ளையின் விருப்பத்தோடு சேர்த்தால் அதில் தவறில்லை. பையன் தானாகக் கேட்டால் யோசிக்கலாம். ஆனால் வருட நடுவில் வேண்டாம், ஜூனில் சேருங்கள். பார்க்க வருவோர் பதிவில் அப்பா, அம்மா இருவர் பெயரும் இருக்க வேண்டும். விடுமுறைக்கு எந்த வீடு என்பது சேர்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கை அம்மாவோடு இருக்க, தான் மட்டும் போகிறோம் என்றால் அதை அவன் தண்டனையாக எடுத்துக்கொள்வானா என்பதையும் பாருங்கள்.

"சண்டை காதில் விழாது" என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பால் அமாட்டோ, புரூஸ் கீத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் 92 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்கள். பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் படிப்பிலும் மனநிலையிலும் வேறுபாடு இருந்தது, ஆனால் சராசரியில் அது சிறியது. ஒரே வீட்டில் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்திருந்த பெற்றோரின் பிள்ளைகள், பிரிந்தவர்களின் பிள்ளைகளைவிடவும் மோசமான நிலையில் இருந்தார்கள். ஆகவே விலக்க வேண்டியது சண்டையை. பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டுச் சண்டையைத் தொடர்வது தலைகீழ் வைத்தியம்.

படுக்கை நனைப்பது பற்றி. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப ஆரம்பித்தால் முதலில் மருத்துவரிடம் காட்டி, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மூன்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். அதிகத் தாகமும் எடை குறைவதும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். மருத்துவக் காரணம் இல்லையென்றால் பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கவிட்டு, தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறையுங்கள். படுக்கப் போகுமுன் கழிவறை. மெத்தைமேல் ரப்பர் ஷீட். காலையில் அண்ணன் எதிரில் பேச்சே எடுக்கக் கூடாது. மலைக்குளிரில் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

"வேலை அதிகம்" என்ற பொய்யை இந்த வாரமே நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அப்பா வந்துவிடுவார் என்று காத்திருப்பார்கள். அக்காவும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். "அம்மாவும் அப்பாவும் இப்போதைக்கு வேற வேற வீட்டில் இருப்போம். இது பெரியவங்க பிரச்சினை, நீங்க செஞ்ச எதனாலயும் இல்லை. பள்ளிக்கூடம் இதேதான். சனிக்கிழமை அப்பா வருவார்." இதற்குமேல் வேண்டாம். யார் தப்பு என்று பையன் கேட்பான். பதினொரு வயது நீதிபதி வயது, ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளும். "அது நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறோம்" என்பதே பதில். மறுபடி சேர்வீர்களா என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். "கண்டிப்பா சேர்ந்துடுவோம்" என்பது அந்த நேரத்துக்கு இனிக்கும், பிறகு கசக்கும்.

அஸ்தம்பட்டி_வக்கீல்:

பத்திரம் பற்றி. 100 ரூபாய்த் தாளாக இருந்தாலும் 1,000 ரூபாய்த் தாளாக இருந்தாலும், நோட்டரி முத்திரை இருந்தாலும், அது திருமணத்தை முறிக்காது. சாதி வழக்கப்படியான முறிவைச் சட்டம் அறவே ஒதுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அது லேசான காரியம் இல்லை. பிள்ளை யாரிடம், எவ்வளவு பணம் என்று அதில் எழுதுவதையும் நேரடியாக நிறைவேற்ற வழியில்லை, பின்னாளில் சான்றாகக் காட்டலாம், அவ்வளவுதான். "இனி பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்கமாட்டேன்" என்று சில பஞ்சாயத்துகளில் எழுதி வாங்குகிறார்கள். பிள்ளையின் உரிமையை அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது, அந்த வரி நிற்காது.

விவாகரத்து முடிவாகாத நிலையில் நல்ல வழி, சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுப்பது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். தொலைபேசி 15100. அங்கே ஒத்துப்போய் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) தீர்வாகப் பதிவானால் அதற்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. பத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒத்துவராவிட்டால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும். ஏற்காடு சேலம் மாவட்டம்தான் என்பதால் அதில் குழப்பமில்லை. "அஞ்சு வயசு தாண்டினா அப்பாவுக்குத்தான்" என்று ஊரில் பேசுவதை நம்ப வேண்டாம். 1956-ஆம் வருடத்து இந்துச் சிறார் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் தானாகத் தந்தைக்குப் போய்விடும் என்று அதில் இல்லை. இரு நிலையிலும் பிள்ளையின் நலனே முதன்மை. பையனின் விருப்பத்தை நீதிபதி தன் அறையில் தனியாகக் கேட்கலாம். சொல்லிக்கொடுத்து அனுப்பினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பணம். பட்டறைக்காரருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, கல்யாண சீசனுக்கும் சும்மா கிடக்கும் மாதத்துக்கும் வருமானம் எட்டாத தூரம். மாதத் தொகையை உச்ச மாதத்தை வைத்து எழுதினால் மூன்றாவது மாதமே பாக்கி விழும், சண்டை திரும்பத் தொடங்கும். ஆகவே மந்த மாதத்திலும் கொடுக்க முடிகிற ஒரு அடிப்படைத் தொகையை 5-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகப் போடட்டும். பள்ளிக் கட்டணத்தை அவரே நேரடியாகப் பள்ளிக்குக் கட்டட்டும். மருத்துவச் செலவுக்கு ரசீதைக் காட்டிப் பாதி. கையில் ரொக்கமாகக் கொடுப்பதும் வாங்குவதும் இருவருக்குமே ஆபத்து, பிறகு ஒருவர் கொடுத்தேன் என்பார், மற்றவர் வரவில்லை என்பார். வழக்காகப் போனால் ஜீவனாம்சத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உத்தரவான தொகை பாக்கியானால் ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். அந்தக் கெடுவை விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இருபது_வளைவு:

வாரக் கடைசி ஏற்பாட்டில் சட்டத்தைவிட மலைப்பாதைதான் அதிகம் சண்டை மூட்டும். அதனால் அதையே முதலில் எழுதுங்கள்.

பிள்ளைகளைக் கை மாற்றும் இடம் அடிவாரம். இரண்டு வீட்டு வாசலும் வேண்டாம். வாசலில் நின்றால் பாட்டி வருவார், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள், பழைய கணக்கு கிளம்பும். சனிக்கிழமை காலை 10, ஞாயிறு மாலை 4. ஐந்தரைக்கு மேல் போனால் கார்த்திகை, மார்கழியில் பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் ஏறும். இரண்டு பிள்ளைகளையும் டூவீலரில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டாம், பஸ்ஸே மேல். மழையில் மண் சரிந்து பாதை அடைத்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். குப்பனூர் வழி திறந்திருந்தால் அந்த வழி, அதுவும் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை ஈடு. "வேணும்னே அனுப்பல" என்ற சந்தேகம் இந்த ஒரு வரியால் போகும்.

பாப்பா வாந்தி எடுப்பாளானால் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பால் வேண்டாம். முன் சீட், பார்வை ரோட்டின்மேல், கையில் போன் கூடாது. அழுக்குச் சட்டையோடு போய் இறங்கினால் "பிள்ளையை எப்படி வச்சிருக்கா பாரு" என்று அங்கே ஒரு பேச்சு வரும். ஆகவே ஒரு மாற்று உடை கைப்பையிலேயே இருக்கட்டும். துணி, பல் துலக்கும் பிரஷ், செருப்பு இரண்டு வீட்டிலும் தனித்தனியாக. போய்வரும் பையில் வீட்டுப்பாட நோட்டு, மருந்து, ஸ்வெட்டர் மட்டும்.

ஞாயிறு ராத்திரி பிள்ளை அழும், எரிந்து விழும், சாப்பிடாது. இங்கே "அங்கே என்னமோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்பார்கள். அங்கே கிளம்பும்போது அழுதால் "அம்மாகிட்ட போக மாட்டேங்குது" என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் தவறு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுவதே பிள்ளைக்குப் பாரம். ஒரு மணி நேரம் கேள்வி கேட்காமல், சுடு சோறு போட்டு விட்டுவிட்டால் அடங்கும். "அங்கே யார் வந்தாங்க, அப்பா என்ன சொன்னார்" என்று விசாரித்தால், அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஏற்றமாதிரி பொய் சொல்லப் பழகிவிடும். "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதும் அதே ரகம்.

இடைப்பட்ட நாளில் ராத்திரி 7 மணிக்குப் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு. பண்டிகைக்குப் பொங்கல் சுலபம், முதல் இரண்டு நாள் ஒரு வீடு, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் மறு வீடு. தீபாவளி வருடம் மாற்றி வருடம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு அப்பா வீடு. மே விடுமுறையைப் பாதி பாதியாகப் பிரியுங்கள், ஆனால் பாப்பாவை ஒரே மூச்சில் பதினைந்து நாளுக்கு மேல் அம்மாவை விட்டு வைக்காதீர்கள். பட்டறையில் அமிலமும் ஊதுகுழல் நெருப்பும் இருக்கும் என்பதால் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்க வேண்டும், பட்டறையில் விட்டுவிட்டு வேலை பார்க்கக் கூடாது என்றும் ஒரு வரி.

அஸ்தம்பட்டி_வக்கீல்:

வீடியோ அழைப்பு பற்றி ஒரு சேர்க்கை. 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமே, பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேசும் உரிமை இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. யாரும் தயவு பண்ணவில்லை என்று இரண்டு வீட்டிலும் சொல்லுங்கள்.

தாய்மாமன்_ஏற்காடு:

ரொம்ப நன்றிங்க. இன்னும் இரண்டு சிக்கல். ஆவணியில் பாப்பாவுக்குக் காதுகுத்து, மாமா வீட்டுக் குலதெய்வக் கோவிலில் வைக்கவேண்டும் என்கிறார்கள். அக்காவுக்குப் போகத் தயக்கம். மடியில் உட்கார வைக்க வேண்டியது நான். அடுத்தது, எங்கள் அம்மா பிள்ளைகள் எதிரிலேயே மாமாவைச் சபிக்கிறார், நிறுத்த முடியவில்லை.

தலைமையாசிரியை_ஓய்வு:

காதுகுத்தைத் தள்ளிப்போடாதீர்கள் தம்பி. கோவில் அப்பா வீட்டுடையது, மடி மாமனுடையது. இரண்டு பக்கமும் இல்லாமல் நடக்க முடியாத சடங்கு இது, பிள்ளைக்கு வேறு எந்தப் பேச்சும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆனால் முன்கூட்டியே சிலதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் பெற்றோர் இருவர் பெயரும். தோடும் சீரும் உங்கள் பக்கம், கிடா வெட்டும் பந்தியும் அவர்கள் பக்கம். மொய் நோட்டு இரண்டு. அன்றைக்கு யாரும் "சேர்த்து வைக்கிறோம்" என்று பஞ்சாயத்துக்கு உட்காரக் கூடாது. அதற்கு ஒரு பெரியவரை இப்போதே பொறுப்பாக்குங்கள். பாப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு ரெண்டு பேரும் வருவோம், சாயந்திரம் நீ அம்மாகூட ஏற்காடு வந்துடுவ." இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி, ராத்திரி உடைந்துபோகும்.

பாட்டியை "பேசாதே" என்று சொல்லி நிறுத்த முடியாது. மகள் கண்ணீரோடு வந்து நிற்கிற வீட்டில் ஒரு தாயின் வாய் அடங்காது. புலம்பலுக்கு நேரமும் ஆளும் கொடுங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது உங்களிடம் கொட்டட்டும். பிள்ளை தன்னைப் பாதி அப்பா என்றுதான் அறிந்திருக்கிறது, அப்பாவைத் திட்டினால் அந்தப் பாதி மேல் விழும் என்று ஒரு தடவை அமைதியாக விளக்குங்கள். கூடவே ஒரு வேலை கொடுங்கள். சனிக்கிழமை பையைக் கட்டி, அப்பா வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு வைத்து அனுப்புவது பாட்டி பொறுப்பு என்று வையுங்கள். செய்கிற கை இருந்தால் வாய் குறையும்.

பையனிடம் யாரும் "இனி நீதான் வீட்டு ஆம்பளை" என்று சொல்லிவிடக் கூடாது. உறவினர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்ட பையன் விளையாட்டை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், கணக்குப் பாடத்தில் மார்க் முதலில் சரியும். அக்கா பணக் கவலையை அவனிடம் சொல்லி அழுவதும் அதே பாரம்தான்.

பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊருக்கே சொல்ல வேண்டாம். எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) இருக்கும் கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள், பழைய எண்ணே இருந்தால் தகவல் எல்லாம் ஒருவருக்கு மட்டும் போகும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருவரும் இருக்கட்டும். யார் யார் வந்து கூட்டிப்போகலாம் என்று இருவர் கையெழுத்தோடு ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். அப்படி ஒரு தாள் இல்லாத இடத்தில்தான் பள்ளி வாசலில் இழுபறி நடக்கிறது.

நிழல்மரம்:

மேலே சொன்னதெல்லாம் அடிதடி இல்லாத வீட்டுக்குப் பொருந்தும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி இல்லையென்றால் அடிவாரத்தில் நேருக்கு நேர் நின்று கை மாற்றும் வேலையே வேண்டாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவோடு தற்காலிகப் பிள்ளைப் பொறுப்பையும் ஒரே மனுவில் கேட்கலாம். அப்பா பிள்ளைகளைப் பார்ப்பது நீதிமன்றம் சொல்லும் இடத்தில் மட்டும்.

அக்கா, மாமா இருவரைப் பற்றியும் யாரும் பேசவில்லை, அதையும் சொல்கிறேன். திங்களிலிருந்து வெள்ளி வரை வெறும் வீட்டில் இருக்கும் அப்பாக்கள்தான் மெதுவாக வருவதைக் குறைத்து, கடைசியில் நின்றே போகிறார்கள். வாரம் தவறாமல் வந்தால் போதும் என்பதும் இல்லை. அமாட்டோவும் கில்பிரெத்தும் 1999-இல் 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எத்தனை தடவை பார்த்தார் என்பதைவிடப் பணம் ஒழுங்காகக் கொடுத்தாரா, பாடத்தைக் கேட்டாரா, கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டித்தாரா என்பதுதான் பிள்ளைகளுக்கு உதவியிருந்தது. ஆகவே மாமாவிடம் சொல்லுங்கள், இரண்டு நாளும் ஐஸ்கிரீமும் சினிமாவுமாக ஓட்ட வேண்டாம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் அவர் வீட்டில்தான் என்று. அக்காவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லையென்றால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

வருமானம் மிகக் குறைந்த தாய்மார்களுக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கணவரால் கைவிடப்பட்டவர், விவாகரத்தானவர், கணவரை இழந்தவர் கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு. இவர்கள் வீட்டில் அப்பா பணம் கொடுக்கிறார் என்பதால் பொருந்தாது.

தாய்மாமன்_ஏற்காடு:

ஹாஸ்டல் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாமாவும் சமரசத்துக்கு வரச் சம்மதம் என்கிறார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப்போவது?

அஸ்தம்பட்டி_வக்கீல்:

திருமணப் பதிவுச் சான்று, இல்லாவிட்டால் பத்திரிகையும் போட்டோவும். பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நால்வரின் ஆதார், ஸ்மார்ட் கார்டு. பிள்ளைகள் இப்போது ஏற்காட்டில் படிப்பதற்குப் பள்ளியிலிருந்து ஒரு சான்று. கட்டண ரசீதுகள். இருவரின் வங்கி விவரம் மூன்று வருடத்துக்கு இருந்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வழக்கானால் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சொத்து விவர உறுதிமொழியில் அதைத்தான் கேட்பார்கள். மாமா பக்கம் ஜிஎஸ்டி பதிவு, பட்டறை மின்கட்டண அட்டை, கடன் தவணை விவரம். கடனைக் காட்டாவிட்டால் தொகை கூடிவிடும், அது அவருக்குத்தான் நஷ்டம்.

இங்கே பேசிய கை மாற்றும் இடம், நேரம், பாதை அடைத்தால் என்ன, பண்டிகை, பணம் எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதி இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து திருத்துவோம் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். பையன் ஏழாம் வகுப்புக்குப் போகும்போது சனிக்கிழமை ட்யூஷன் வரும், இந்த நேரம் எதுவும் அப்போது ஒத்துவராது.